சுனாமியில் தொடங்கிய என் முதல் விண்ணப்பம்

போன ஆடியில் விடுமுறைக்கு மட்டக்களப்பின் கல்லடிக்கு வந்திருந்தேன். மூன்று வாரம்தான் நின்றேன். அதற்குள் மூன்று பிள்ளைகள் தங்கள் நோக்க அறிக்கையை (ஏன் படிக்க விரும்புகிறோம் என்று விண்ணப்பத்தோடு எழுதி அனுப்புவது) கொண்டுவந்து, "அக்கா, இத ஒருக்காப் பாத்துத் தாங்க" என்று தந்துவிட்டுப் போனார்கள். மூவரும் உளவளத்துணை (கவுன்சலிங்) உளவியலில் மேற்படிப்புக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பவர்கள். மூன்று அறிக்கைகளும் 2004 டிசம்பர் 26 காலையில் தொடங்கியிருந்தன. அதில் ஒருத்திக்கு அன்றைக்கு இரண்டு வயது. அவள் எழுதியிருந்ததெல்லாம் அம்மா சொல்லிக் கேட்டது.

2021இல் நான் எழுதிய முதல் அறிக்கையும் அதே காலையில்தான் தொடங்கியது. எனக்கு அப்போது பத்து வயது. சின்னம்மாவையும் அவவுடைய மகனையும் கடல் கொண்டுபோனது. அதை எழுதி அமெரிக்காவில் எட்டு இடங்களுக்கு அனுப்பினேன். எட்டிலும் இல்லை என்றார்கள். நேர்முகத்துக்குக்கூட ஒரு இடமும் கூப்பிடவில்லை. அடுத்த வருடம் ஐந்து இடங்களுக்கு அனுப்பினேன்: மூன்று கலாநிதிப் பட்டத்துக்கு, இரண்டு முதுமாணிக்கு. கலாநிதிப் பட்டத்துக்கு இரண்டு இடங்கள் நேர்முகத்துக்குக் கூப்பிட்டன, முதுமாணி ஒன்றில் இடமும் கிடைத்தது. இடைப்பட்ட பன்னிரண்டு மாதத்தில் என் பெறுபேறு மாறவில்லை, அதே இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுதான். ஐஈஎல்டிஎஸ் புள்ளியும் அதேதான். எங்கே அனுப்புகிறேன் என்பதும், அந்த அறிக்கையில் யாரைப் பற்றி எழுதுகிறேன் என்பதும்தான் மாறின. அந்த மூன்று பிள்ளைகளுக்கும் திண்ணையில் இருந்து சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், எங்கே அனுப்புவது என்பது.

முதல் வருடம் நான் தரவரிசைப் பட்டியல் ஒன்றை எடுத்து மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு போனேன். எட்டில் மூன்று இடங்கள் உளவளத்துணை உளவியலே அல்ல, மருத்துவ உளவியல். இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தேன். இன்றைக்கு இரண்டு துறையிலும் பட்டம் பெறுபவர்கள் செய்கிற வேலையில் பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் வேர் வேறு. மருத்துவ உளவியல் நோயிலிருந்து வந்தது. உளவளத்துணை உளவியலின் ஒரு வேர், 1908இல் பொஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ் இளைஞர்களுக்குத் தொழில் வழிகாட்டத் திறந்த அலுவலகத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்குப் படிப்பும் வேலையும் வாழ்க்கையும் ஒழுங்குபடுத்தித் தரவேண்டி வந்தபோது அது வளர்ந்தது. 1951இல் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாட்டில்தான் அந்தப் பெயரே நிலைத்தது. அதனால் இந்தத் துறைக்காரர்கள் ஒரு மனிதரிடம் என்ன கெட்டுப்போயிருக்கிறது என்பதோடு என்ன நன்றாக இருக்கிறது, எந்தச் சூழலில் அவர் நிற்கிறார் என்றும் கேட்பார்கள். இதைத் தெரியாமல் எழுதிய அறிக்கை முதல் பக்கத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். நான் எட்டு இடத்துக்கும் பெயரை மட்டும் மாற்றி ஒரே அறிக்கையைத்தான் அனுப்பியிருந்தேன்.

இரண்டாவது, அமெரிக்கக் கலாநிதிப் படிப்பு பெரும்பாலான இடங்களில் ஒரு பேராசிரியரோடு சேர்ந்து ஆய்வு செய்கிற படிப்பு. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறோம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் ஒரு ஆளுக்குத்தான் விண்ணப்பிக்கிறோம். பல இடங்களில் ஒரு வருடத்துக்குப் பத்துப் பேரைக்கூட எடுப்பதில்லை, அந்த வருடம் புதிய மாணவரே எடுக்காத பேராசிரியர்களும் இருப்பார்கள். நான் முதல் வருடம் குறிப்பிட்டு எழுதிய பேராசிரியர்களில் இரண்டு பேர் அந்த முறை யாரையும் எடுக்கவில்லை. அவர்களுடைய பக்கத்திலேயே அது ஒரு வரியில் போடப்பட்டிருந்ததைப் பிறகுதான் கண்டேன். எழுதிக் கேட்டிருந்தாலும் தெரிந்திருக்கும். புரட்டாதி மாதத்தில் நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் போதும்: நான் யார், உங்கள் வேலையில் எது என்னைத் தொட்டது, வருகிற ஆண்டுக்கு மாணவர் எடுக்கிறீர்களா. இரண்டாம் வருடம் அப்படி ஒன்பது பேருக்கு எழுதினேன். ஐந்து பேர் பதில் போட்டார்கள். அதில் இரண்டு "இந்த வருடம் இல்லை". அந்த இரண்டு பதிலும் எனக்கு ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம் பிடித்துத் தந்தன.

பணக் கணக்கைச் சொல்கிறேன். 2021 டிசம்பரில் ஒரு டொலர் 200 ரூபாய். ஒரு விண்ணப்பத்துக்கு 75 டொலர் என்றால் பதினைந்தாயிரம். 2022 டிசம்பரில் அதே 75 டொலர் இருபத்தேழாயிரம் ரூபாய்க்கு மேல். இடையில் என் சம்பளம் ஒரு சதமும் கூடவில்லை. சுவிஸில் இருக்கிற சித்தப்பாதான் தன் கார்டில் கட்டினார். "இத்தன இடத்துக்கும் வேணுமா மகள்?" என்று அவர் ஒருநாள் கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் கேள்விதான் எட்டை ஐந்தாக்கியது. கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லியும் எழுதலாம், வெட்கப்படத் தேவையில்லை. வெளிநாட்டு மாணவருக்குக் கிடையாது என்று பல இடங்கள் சொல்லும். எனக்கு ஒரு பல்கலைக்கழகம் தள்ளுபடி தந்தது.

அமெரிக்க உளவியல் சங்கமான ஏ.பி.ஏ.யின் அங்கீகாரம் பெற்ற கலாநிதிப் படிப்புகள் தங்கள் இணையப் பக்கத்தில் சில தரவுகளைக் கட்டாயம் போடவேண்டும். படித்து முடிக்க எத்தனை வருடம் ஆகிறது, எவ்வளவு செலவு, எத்தனை பேர் இடையில் விட்டுப்போனார்கள், எத்தனை பேருக்கு முழுநேரப் பயிற்சியிடம் கிடைத்தது, எத்தனை பேர் தொழில் அனுமதிப்பத்திரம் பெற்றார்கள் என்றெல்லாம் அதில் இருக்கும். அழகான கட்டடங்களின் படத்தை விட்டுவிட்டு அந்த அட்டவணையைத் திறந்து பாருங்கள். இடையில் விட்டுப்போகிறவர்கள் அதிகமாக இருக்கிற இடம் பற்றி யோசிக்கவேண்டும். இன்னொன்று: பிஎச்.டி. என்றால் பெரும்பாலும் கற்பித்தலுக்கோ ஆய்வுக்கோ உதவியாளராக வேலை செய்வதற்குப் பதிலாகக் கட்டணத்தைத் தள்ளி, மாதாந்தம் ஒரு கொடுப்பனவும் தருவார்கள். ஆய்வை விடத் தொழிற்பயிற்சியை முதன்மையாகக் கொண்ட சை.டி. என்ற கலாநிதிப் பட்டத்துக்குப் பெரும்பாலும் நாமே கட்டவேண்டும். எங்கள் வீட்டு வருமானத்தில் அது நடக்காத காரியம். முதுமாணிக்குப் போகிறவர்கள் உளவளத்துணைப் படிப்புகளுக்கான கேக்ரெப் (CACREP) என்ற அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அந்த அங்கீகாரம் உள்ள படிப்பு குறைந்தது 60 செமஸ்டர் கிரெடிட் கொண்டது. வழக்கமான முதுமாணியை விட நீளம், செலவும் அதற்கேற்றபடி கூடும்.

அமெரிக்கா மட்டும்தான் வழி என்று நினைக்கவேண்டாம். இந்தியாவில் முதுமாணிக்கு கொழும்பு இந்திய உயர்ஸ்தானிகராலயம் ஊடாக மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் இருக்கிறது. தமிழில் ஆட்களோடு பேசிப் பயிற்சி எடுக்க விரும்புகிறவர்களுக்கு தமிழ்நாட்டை விட நல்ல இடம் இல்லை என்பது என் எண்ணம். பிரித்தானியாவில் உளவளத்துணை உளவியலாளர் என்ற பெயர் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது, அதற்கான கலாநிதிப் படிப்புக்குப் பெரும்பாலானவர்கள் கைக்காசுதான் கட்டுகிறார்கள். ஒரு வருட முதுமாணிக்குப் போகிறவர்கள் செவ்னிங் புலமைப்பரிசிலுக்குப் போடலாம், 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேட்பார்கள், முடிந்ததும் இரண்டு வருடம் நாட்டில் வந்து நிற்கவேண்டும். அந்த இரண்டாவது நிபந்தனை எனக்கு நிபந்தனையாகவே தெரியவில்லை.

இனி அந்த அறிக்கை.

முதல் முறை தோற்ற பிறகு, 2022 மார்ச் கடைசியில், ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களில், என் அறிக்கையை அச்செடுத்து வைத்துக்கொண்டு சிமினி விளக்கில் திரும்பத் திரும்ப வாசித்தேன். இரண்டு பக்கம். அதில் ஒன்றரைப் பக்கம் நான் பட்டது, எங்கள் ஊர் பட்டது. யுத்தம், கடல், மறுபடி யுத்தம், பிறகு 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு. கடைசி அரைப் பக்கத்தில் "இதனால் என் மக்களுக்கு உதவ விரும்புகிறேன்" என்று இருந்தது. நான் என்ன செய்தேன், என்ன படித்தேன், எது எனக்கு விளங்கவில்லை, எதைத் தேடிப் போகிறேன் என்று ஒரு வரி இல்லை.

ட்ரூ ஆப்பிள்பி, கரென் ஆப்பிள்பி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உளவியல் மேற்படிப்புக்கு ஆள் எடுக்கும் குழுக்களின் தலைவர்களிடம், நல்ல மாணவரையும் தட்டிவிடச் செய்கிற விடயங்கள் எவை என்று கேட்டு எழுதியது. தன் சொந்த மனக்காயத்தை அளவுக்கு மீறிச் சொல்வது அதில் ஒன்று. எல்லாருக்கும் உதவவேண்டும் என்று அளவுக்கு மீறிச் சொல்வது இன்னொன்று. அந்தப் படிப்பைப் பற்றித் தெரியாமல் எழுதுவது, பாதகமான சிபாரிசுக் கடிதங்கள், மோசமான எழுத்து, இவையும் இருந்தன. என் அறிக்கையில் முதல் மூன்றும் இருந்தன.

அதை வாசித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வசதியான நாட்டில் இருந்துகொண்டு எங்கள் இழப்பை அளவுக்கு மீறியது என்று சொல்ல இவர்கள் யார் என்று. கொஞ்ச நாள் போனபிறகுதான் விளங்கியது. அவர்கள் இழப்பை எடைபோடவில்லை. நாளைக்கு எதிரே ஒருவர் இருந்து தன் மகனைக் கடல் கொண்டுபோன கதையைச் சொல்லும்போது, என் சின்னம்மாவின் கதை நடுவில் வந்து இருந்துகொள்ளுமா, அல்லது நான் அவரைக் கேட்பேனா என்று பார்க்கிறார்கள். அது இந்தத் தொழிலுக்குள் வருகிற எவரிடமும் கேட்கவேண்டிய கேள்வி. சொந்த இழப்பை மறைக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் இரண்டாவது அறிக்கையிலும் சுனாமி இருந்தது, ஒரே ஒரு வசனம், இரண்டாம் பக்கத்தில்.

சரி, மிச்ச இடத்தில் என்ன எழுதினேன்?

2018இலிருந்து நான்கு வருடம் ஒரு தொண்டு நிறுவனத்தின் உளசமூகத் திட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தேன். வேலை வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். விடிய வெளிக்கிட்டு களுவாஞ்சிக்குடி பஸ்ஸில் ஏறி, குருமண்வெளித் துறையில் இறங்கி, பாதையில் வாவியைக் கடந்து மண்டூருக்குப் போவேன். (வெளியூர் ஆட்களுக்காக: இங்கே பாதை என்றால் ரோட்டு இல்லை, மோட்டார் சைக்கிளும் ஆட்களும் ஏறுகிற மிதவைதான் பாதை.) அங்கிருந்து உள்ளுக்குள் உள்ள ஊர்கள். நுண்கடனில் மாட்டிக்கொண்ட பெண்களைச் சந்திப்பது, அவர்களில் யாருக்கு உளவளத்துணை தேவை என்று பார்த்து அனுப்பிவைப்பது என் பொறுப்பு. அதற்கு ஒரு படிவம் தந்திருந்தார்கள். மனச்சோர்வை அளக்க உலகம் முழுவதும் பாவிக்கிற பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விகளின் தமிழ் வடிவம். கடந்த இரண்டு கிழமையில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து மூன்று வரை போட்டு, கடைசியில் கூட்டவேண்டும். ஆகக் கூடியது 27.

முன்பள்ளிக் கட்டடத்தில், சின்னப் பிள்ளைகளின் கதிரையில் இருந்துகொண்டு கேட்பேன். மனம் சோர்ந்து, நம்பிக்கை இல்லாமல் இருந்ததா? "இல்ல மகள்." எதிலும் விருப்பம் குறைந்ததா? "இல்ல மகள்." உங்களைப் பற்றி நீங்களே குறைவாக நினைத்தீர்களா? "ஐயோ, இல்ல." நித்திரை? அலுப்பு? அப்போதுதான் "ஓம்" வரும். கூட்டினால் ஐந்து, ஆறு. படிவத்தின்படி அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கிறபோது பேச்சு வேறுமாதிரிப் போகும். நெஞ்சுக்குள்ள எரியுது. தலை கொதிக்குது. வைகாசியில அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்குப் போய்வந்தாத்தான் கொஞ்சம் ஆறும்.

இந்தச் சொற்களைப் படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதத் தொடங்கினேன். ஓரம் போதாமல் கொப்பி வாங்கினேன். நான்கு வருடத்தில் மூன்று கொப்பி நிறைந்தது. எரிவு, கொதிப்பு, சூடு, வெக்கை ஒரு பக்கம். ஆறுதல், குளிர்தல், தணிதல் மறுபக்கம். கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திப் பாடலில் வருகிற அதே சொற்கள். ஆறுதல் என்ற சொல்லுக்கே சூடு தணிவதுதான் அடிப்பொருள். படிவமோ சோர்வு, தாழ்வு என்று பாரத்தின் பாஷையில் கேட்கிறது. வெக்கையில் இருக்கிற ஆளிடம் பாரமாக இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதானே சொல்லுவா. படிவத்தைக் குறை சொல்ல எனக்கு அப்போதும் தகுதி இல்லை, இப்போதும் அவசரம் இல்லை. அதனால் பலன் பெற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் நாங்கள் கேட்கிற சொல்லுக்கும் அவர்கள் படுகிற பாட்டுக்கும் நடுவில் எத்தனை பேர் தவறிப்போகிறார்கள் என்ற கேள்வி என்னை விடவில்லை. என் இரண்டாவது அறிக்கை அந்தப் பூச்சியங்களில் தொடங்கியது.

இதில் ஒன்றை அந்த மூன்று பிள்ளைகளுக்கும் கண்டிப்பாகச் சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன். அந்தப் பெண்களில் ஒருத்தியின் கதையும் என் அறிக்கையில் இல்லை. எனக்கு நூறு கதை தெரியும், ஒவ்வொன்றும் வாசிக்கிறவரின் கண்ணைக் கலங்கவைக்கும். ஆனால் அவை எனக்குச் சொல்லப்பட்டது நான் அமெரிக்கா போவதற்காக அல்ல. பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். அறுபது குடும்பம் இருக்கிற ஊரில், மூன்று பிள்ளைகளின் தாய், கணவன் சவூதியில், தையல் மெஷினை அடகு வைத்தவ என்று எழுதினால் அது யார் என்று ஊருக்கே தெரியும். ஆள் எடுக்கிற குழுவும் அதைக் கவனிக்கும். இரகசியம் காக்கத் தெரியாத ஒருவரைப் பயிற்சிக்கு எடுக்க அவர்கள் ஏன் துணியவேண்டும்? எனக்குச் சொந்தமானது நான் பார்த்ததும், நான் பிழையாக விளங்கியதும், பிறகு தேடியதும்தான். அதை மட்டும் எழுதினேன். வேலை செய்த நிறுவனத்திடமும் முன்கூட்டிச் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்கினேன்.

இரண்டு வயதில் சுனாமியைக் கடந்த அந்தப் பிள்ளையின் அறிக்கையில், மூன்றாம் பந்தியில், போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது. அவள் தொண்டராக வேலை செய்கிற பாடசாலையில் உளவளத்துணை அறை அதிபரின் அறைக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். பிள்ளைகள் யாரும் அங்கே வருவதில்லை, தண்ணிப் பைப்படியில் நின்றுதான் அவளிடம் கதைப்பார்களாம். நான் அதைச் சுற்றி வட்டம் போட்டேன். "இதையா அக்கா? இது சும்மா எழுதினது" என்றாள். அந்தப் பைப்படியில் ஒரு கலாநிதிப் பட்டத்துக்கான கேள்வி கிடக்கிறது.

ஊரைப் பற்றி எழுதும்போது இன்னொரு பிழையும் நடக்கிறது. "மட்டக்களப்பில் மனநலம் என்றால் என்னவென்றே மக்களுக்குத் தெரியாது" என்று எழுதுகிறார்கள். மூன்று அறிக்கையில் இரண்டில் இருந்தது. அது உண்மை இல்லை. 1990களிலேயே, யுத்தத்தின் நடுவில், தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒன்றாகக் கூட்டிவந்து விளையாட்டாலும் மண்ணாலும் கதையாலும் ஆற்றுப்படுத்திய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இந்த ஊரில்தான் இருந்தது. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். கூட்டு மனவடு பற்றி மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதியவற்றை வெளிநாட்டுப் பேராசிரியர்கள் படித்திருக்கிறார்கள். நமக்கு முன்னால் வேலை செய்தவர்களை ஒரு வரியில் அழித்துவிட்டு நாம் போய் நிற்கக்கூடாது. அவர்களைத் தெரிந்திருப்பது அறிக்கைக்கும் பலம்.

சிபாரிசுக் கடிதம் மூன்று கேட்பார்கள். என் முதல் வருடக் கடிதங்களில் ஒன்றை அதை எழுதிய விரிவுரையாளரே பிறகு எனக்குக் காட்டினார். "ஒழுக்கமான, பணிவான, நேரம் தவறாத மாணவி" என்று ஏழு வரி. அவர் மனமார எழுதியதுதான். நம் ஊரில் நற்சான்றிதழ் அப்படித்தான் இருக்கும். அங்கே அப்படி வந்தால், இந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல இவருக்கு வேறொன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டாம் வருடம் மூன்று பேரிடமும் நேரில் போனேன். என் ஆய்வேட்டின் சுருக்கம், அவர்களிடம் நான் படித்த பாடங்கள், செய்த வேலைகள், எங்கே ஏன் விண்ணப்பிக்கிறேன் என்று இரண்டு பக்கம் எழுதிக் கையில் கொடுத்தேன். "சேர், நான் எங்க பலவீனமோ அதையும் எழுதுங்க" என்றும் கேட்டேன். கடிதத்தை நான் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக விண்ணப்பத்தில் ஒரு பெட்டி இருக்கும். அதில் சரி போடுங்கள், அப்போதுதான் கடிதத்தை நம்புவார்கள். கடிதம் போடுகிறவரின் மின்னஞ்சல் பல்கலைக்கழக முகவரியாக இருக்கவேண்டும் என்று சில இடங்கள் கேட்கும். மூத்த விரிவுரையாளர் சிலர் அந்த முகவரியைத் திறந்தே வருடக்கணக்காகியிருக்கும். இதை நவம்பர் கடைசியில் கண்டுபிடித்தால் தலை சுற்றும், ஐப்பசியிலேயே கேட்டுவிடுங்கள்.

சுயவிபரக் கோவையில் அடையாள அட்டை இலக்கம், சமயம், மணமானவரா, கிராம சேவகர் பிரிவு எதுவும் வேண்டாம். படமும் வேண்டாம். பெறுபேற்றுப் பத்திரத்தைச் சில இடங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து நேரடியாக அனுப்பச் சொல்லும். நான் அதற்காக மூன்று தரம் போய் வந்தேன், மூன்றாம் தரம்தான் கையெழுத்துப் போடுகிறவர் கதிரையில் இருந்தார். ஆவணியில் தொடங்குங்கள். ஐஈஎல்டிஎஸ் எழுத நான் கொழும்புக்குத்தான் போனேன், முதல்நாள் காலை உதயதேவி ரயிலில். பல இடங்கள் 7 கேட்டன. புள்ளி இரண்டு வருடம் செல்லும் என்பதால் ஒரே சோதனையை இரண்டு வருட விண்ணப்பத்துக்கும் பாவித்தேன்.

பெரும்பாலான கலாநிதிப் படிப்புகளுக்கு டிசம்பர் 1ஐ ஒட்டி முடிவுத் திகதி வரும். நேர்முகம் தையிலும் மாசியிலும். என் முதல் நேர்முகம் 2023 ஜனவரியில், அவர்களுக்குக் காலை ஒன்பது மணி, எங்களுக்கு இரவு ஏழரை. அப்போதும் தினம் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கரண்ட் வெட்டு இருந்தது. அட்டவணையைப் பார்த்து, எங்கள் பிரிவுக்கு அந்த நேரம் வெட்டு என்று தெரிந்ததும், மாமி வீட்டுக்குப் போய்விட்டேன். அங்கே வேறு பிரிவு. டொங்கிள் ஒன்று, போன் இரண்டு, எல்லாவற்றிலும் சார்ஜ். மாமி வாசலில் கதிரை போட்டு இருந்து ஒருவரையும் உள்ளே விடவில்லை.

நேர்முகத்தில் சுற்றிவளைப்பு இருக்கவில்லை. ஒரு பேராசிரியர் கேட்டார்: அந்தப் பெண்கள் இல்லை என்று சொன்னது சொல் விளங்காததாலா, அல்லது உங்களிடம் சொல்ல விருப்பம் இல்லாததாலா? நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. இதை நான் யோசித்திருந்தேன், ஆனால் எழுதத் தைரியம் வரவில்லை. கடன் பட்ட ஆளுக்கு, படிவமும் பேனையுமாக வருகிற எவரும் கடன்காரரின் ஆள் மாதிரித்தான். நானும் அப்படித் தெரிந்திருக்கலாம், எது எவ்வளவு என்று பிரித்தறிகிற முறை எனக்குத் தெரியாது, அதைப் படிக்கத்தான் வருகிறேன் என்று சொன்னேன். என்னை எடுத்தது அந்த இடம்தான். மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனது ஒன்றையும் அவர்கள் கேட்கவில்லை. ஆனால் அவர்களுடைய இரண்டு கட்டுரைகளை முழுவதும் வாசித்துவிட்டுப் போனது உதவியது, நானும் திரும்பக் கேள்வி கேட்க முடிந்தது. கடைசியில் கேட்க ஏதாவது இருக்கிறதா என்பார்கள். இல்லை என்று சொல்லாதீர்கள். உங்கள் மாணவர்களில் வெளிநாட்டவர் எத்தனை பேர், விடுமுறைக்காலக் கொடுப்பனவு உண்டா, எந்த மொழியில் பயிற்சி பெறலாம், இதெல்லாம் கேட்கவேண்டியவை.

பங்குனியில் பதில் வந்தது. ஒரு இடத்தில் இல்லை. அடுத்த இடத்தில் காத்திருப்போர் பட்டியல். அது இல்லை என்பதற்கு மரியாதையான சொல் என்று நான் நினைத்தேன். அப்படி இல்லை. பண உதவியோடு வருகிற இடத்துக்கு முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை மாணவருக்கு அவகாசம் தருவதென்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. இரண்டு மூன்று இடங்களைக் கையில் வைத்திருக்கிறவர்கள் கடைசி நாட்களில்தான் விடுவார்கள், பட்டியல் அப்போதுதான் அசையும். இன்னும் எனக்கு விருப்பம் இருக்கிறது என்று ஒரு சின்ன மின்னஞ்சல் பங்குனி நடுவில் போட்டேன், ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். அந்த இடைவெளியில் அம்மாவோடு இருந்து கணக்கெல்லாம் பார்த்து முடித்தோம்: கொடுப்பனவு எவ்வளவு, விசாவுக்கு எவ்வளவு காட்டவேண்டும், டிக்கெட் யார் தருவது. வந்தால் என்ன பதில் என்பது முன்னமே முடிவாகியிருந்தது. பட்டியலில் இருக்கிறவருக்கு யோசிக்க ஒரு நாள்கூடக் கிடைக்காது என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஏப்ரல் 14 எங்களுக்கு வருடப்பிறப்பு. மருத்துநீர் வைத்துத் தலைமுழுகி, கைவிசேடம் வாங்கி, வீடு நிறையச் சனம். இரவு ஒன்பது மணிபோல மின்னஞ்சல் வந்தது. இடம் ஒன்று வந்திருக்கிறது, நாளைக்குள் பதில் தரமுடியுமா என்று கேட்டிருந்தார்கள். அம்மா குசினியில் அரியதரம் சுட்டுக்கொண்டிருந்தா. போனைக் காட்டினேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்து, "எழுது" என்றா.

அப்போதே எழுதினேன். பிறகு, எனக்கு இடம் தந்திருந்த மற்ற பல்கலைக்கழகத்துக்கு, முதுமாணி இடத்தை விட்டுக்கொடுப்பதாக இன்னொரு மின்னஞ்சலையும் படுக்க முன்னரே அனுப்பினேன். அங்கேயும் பட்டியலில் யாரோ ஒரு பிள்ளை காத்துக்கொண்டிருக்கும்.